நிறுவனர் பத்து நாள் விடுப்பு எடுப்பது எப்படி? தீர்மான நகல் முதல் ஓ.டி.பி. வரை

ஏன் விடுப்பே எடுப்பதில்லை என்று ஸ்டார்ட்அப் நடத்துபவரைக் கேட்டால், வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்பார். கொஞ்சம் கிளறிப் பார்த்தால் வேறு விஷயங்கள் வெளியே வரும். வங்கி ஓ.டி.பி. அவருடைய செல்போனுக்கு மட்டும்தான் வரும். ஜி.எஸ்.டி. தாக்கலுக்கு அவருடைய டோக்கன், அதாவது டிஜிட்டல் கையொப்பம் உள்ள யு.எஸ்.பி. சாதனம் வேண்டும். சர்வர் கணக்கின் கடவுச்சொல் அவர் மனதில் இருக்கிறது. இவை எல்லாம் காகித வேலையால் தீரக்கூடியவை. அந்தக் காகித வேலையை நான் அலைந்து திரிந்து முடித்தேன். நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பதிவான, இரண்டு இயக்குநர்கள் கொண்ட, ஐந்து முதல் முப்பது பேர் வேலை செய்யும் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். தனி உரிமையாளராக (புரொப்ரைட்டர்ஷிப்) தொழில் நடத்துபவர்களுக்கு இயக்குநர் குழுத் தீர்மானம் தேவைப்படாது, வங்கிக்கும் ஜி.எஸ்.டி.க்கும் அதிகாரக் கடிதம் கொடுத்தால் போதும். மற்றவை எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

ஏன் எடுக்க வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டுச் சொல்லின. வாரம் 55 மணி என்பது நம்மில் பலருக்கு இலகுவான வாரம். பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதாவின் நிறுவனர் நிதின் காமத் தமக்கு லேசான பக்கவாதம் வந்ததை 2024 பிப்ரவரியில் தாமே வெளியிட்டபோது, காரணமாக இருக்கக்கூடியவை என்று அவர் சொன்னவற்றில் தூக்கக் குறைவும் களைப்பும் இருந்தன. உடம்பு ஒரு பக்கம் இருக்கட்டும். முதலீட்டாளர் நிறுவனத்தை ஆராயும்போது கட்டாயம் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: நீங்கள் ஒரு மாதம் இல்லாவிட்டால் இங்கே என்ன நின்றுபோகும்? பத்து நாள் விடுப்பு அந்தக் கேள்விக்கு மலிவான விலையில் பதில் வாங்கித் தரும்.

இன்னொன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 உங்கள் ஊழியருக்கு ஆண்டுக்கு 12 நாள் ஈட்டிய விடுப்பும், 12 நாள் தற்செயல் விடுப்பும், 12 நாள் நோய் விடுப்பும் தருகிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை அந்தச் சட்டம் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே உங்கள் விடுப்பை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

1. தேதியை வரி நாள்காட்டியைப் பார்த்துக் குறியுங்கள்

பருவநிலையையும் விமானக் கட்டணத்தையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு மாதமும் வரும் கெடு நாட்கள் இவை: 7ஆம் தேதி டி.டி.எஸ்., அதாவது பிறருக்குக் கொடுத்த தொகையில் பிடித்து வைத்த வருமான வரியைச் செலுத்த வேண்டும். 11ஆம் தேதி விற்பனை பில்களைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1. 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ. 20ஆம் தேதி வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-3பி. அதாவது 21ஆம் தேதியிலிருந்து அடுத்த மாதம் 6ஆம் தேதிவரை ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. அதற்குள் விழும் பெரிய வேலை சம்பளம் ஒன்றுதான். அதை முன்கூட்டியே ஏற்றி வைத்துவிடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் சிறு நிறுவனமாக இருந்தால், காலாண்டின் முதல் இரு மாதங்களுக்கான வரியை அடுத்தடுத்த மாதங்களில் 25ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அவர்களுடைய ஜன்னல் 26இல்தான் திறக்கும்.

எல்லா மாதமும் ஒன்றல்ல. மார்ச், ஏப்ரல் மாதங்களில் கணக்கு முடிப்பு. ஜூலை, அக்டோபர், ஜனவரி 31ஆம் தேதிகளில் டி.டி.எஸ். காலாண்டு அறிக்கை, நான்காம் காலாண்டுக்கு மட்டும் மே 31. செப்டம்பர் 30க்குள் ஆண்டுப் பொதுக்குழு. நவம்பர் கடைசி வாரம் காலியாகத்தான் தெரியும். ஆனால் பொதுக்குழுவைச் செப்டம்பர் 30 அன்று நடத்தியிருந்தால், அதிலிருந்து 60 நாளுக்குள் நிறுவனப் பதிவாளருக்கு (ஆர்.ஓ.சி.) போக வேண்டிய ஆண்டறிக்கையின் கெடு அந்த வாரத்தில்தான் விழுகிறது. பலர் இதில் சிக்குகிறார்கள்.

என் தேர்வு ஜூன் 21 முதல் ஜூலை 6 வரை, அல்லது ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 6 வரை. குழந்தைகள் பள்ளியில் படிப்பவர்களுக்கு இரண்டுமே உதவாது. அவர்கள் மே 31 அறிக்கையை 20ஆம் தேதிக்குள் முடித்துத் தரும்படி ஆடிட்டரை நெருக்கிவிட்டு, மே கடைசியில் கிளம்பலாம். அமெரிக்க வாடிக்கையாளர்களை நம்பி நடக்கும் நிறுவனம் என்றால் டிசம்பர் கடைசி வாரம். அவர்களே ஊரில் இருக்க மாட்டார்கள். ஆனால் டிசம்பர் 31 ஜி.எஸ்.டி. ஆண்டு அறிக்கையின் கெடு. அதை முன்பே அனுப்பிவிட வேண்டும்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. கீழே வரும் வேலைகளுக்கும் ஏறக்குறைய எட்டு வாரம் பிடிக்கும். எனவே டிக்கெட் எடுக்கும் நாளையே முதல் நாளாக வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுத்தபின் தள்ளிப்போடும் ஆசையும் கொஞ்சம் அடங்கும்.

2. உங்களிடம் மட்டும் இருப்பவற்றை எழுதுங்கள்

உட்கார்ந்து யோசித்து எழுதினால் பாதி விட்டுப்போகும். ஒரு வாரம் சட்டைப்பையில் சிறு குறிப்பேடு வைத்திருங்கள். யாராவது உங்களிடம் வந்து எதையாவது கேட்டால், கேட்டதை மட்டும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள். "ஓ.டி.பி. வந்ததா சார்?" "இந்த பில்லுக்குத் தள்ளுபடி கொடுக்கலாமா?" "கேட் சாவி யாரிடம்?" வாரக் கடைசியில் அந்தப் பக்கங்களைப் புரட்டினால், உங்களுக்காகக் காத்திருந்தவற்றில் பெரும்பகுதி கையெழுத்து, கடவுச்சொல், ஒப்புதல் ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடும். வியாபார முடிவு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடியவை சொற்பமாகவே இருக்கும். பார்க்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

3. இயக்குநர் குழுத் தீர்மானம்

வங்கி, ஜி.எஸ்.டி. இரண்டுக்கும் தாய்ப் பத்திரம் இதுதான். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும், மின்னஞ்சல் போதும். காணொலியிலும் நடத்தலாம். தீர்மானத்தில் யாருக்கு, எந்த வேலைக்கு, எத்தனை ரூபாய் வரை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற நான்கும் இருக்க வேண்டும். "நிறுவனத்தின் சார்பில் எல்லாச் செயல்களையும் செய்ய" என்ற வாசகத்தை ஆடிட்டர் அலுவலகம் பழக்கதோஷத்தில் சேர்த்து அனுப்பும். அதை அடித்துவிடுங்கள். பத்து நாள் விடுப்புக்கு அவ்வளவு பெரிய சாவி யாருக்கும் தேவையில்லை.

முத்திரைத்தாள் வேண்டாம், லெட்டர்ஹெட் போதும். குறைந்தது நான்கு சான்றிட்ட நகல்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் முத்திரை பளிச்சென்று விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை மங்கலாக இருக்கிறது என்று ஒரு வங்கிக் கிளையில் என் நகலைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

சிலர் மாற்று இயக்குநரை நியமிக்கச் சொல்வார்கள். இந்தியாவைவிட்டு மூன்று மாதத்துக்குக் குறையாமல் வெளியே இருப்பவருக்காக ஏற்பட்ட வழி அது. உங்களுக்குத் தேவைப்படாது. இணை நிறுவனர் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பாமல் இருந்தால் சரி.

4. வங்கி: இங்கேதான் நாட்கள் போகும்

முதலில் கிளைக்குப் போய் அவர்களுடைய தீர்மானப் படிவத்தை வாங்குங்கள். பல வங்கிகள் தங்களுடைய வாசகம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். நீங்கள் நிறைவேற்றிய தீர்மானம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் செல்லாது. ஆக, படிவத்தை வாங்கிய பிறகு படி 3க்குப் போவதுதான் சரியான வரிசை.

கொண்டுபோக வேண்டியவை: சான்றிட்ட தீர்மான நகல், புதிய கையொப்பதாரரின் பான், ஆதார், புகைப்படம், மாதிரிக் கையொப்பம், இயக்குநர்களின் இன்றைய பட்டியல், நெட் பேங்கிங் பயனர் படிவம். புதியவரை நேரில் அழைத்துப்போவது நல்லது. கொடுத்த நாளே இரண்டாம் பிரதியில் தேதியுடன் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். "அனுப்பிவிட்டோம் சார், தலைமையகத்தில் இருக்கிறது" என்ற பதில் வரும்போது அந்த ஒப்புகைதான் பேசும். ஒரு வாரம் என்பார்கள்; மூன்று வாரம் ஒதுக்குங்கள்.

கேட்க வேண்டியது மேக்கர்–செக்கர் ஏற்பாடு. கணக்காளர் பணப்பரிமாற்றத்தைப் பதிவு செய்வார். உங்களுக்குப் பதிலாகப் பொறுப்பில் இருப்பவர் தம் சொந்த செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யால் அதை அங்கீகரிப்பார். இருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர், நாள் ஒன்றுக்கு ஒரு தொகை வரம்பு. சம்பளத் தொகை அந்த வரம்புக்குள் அடங்குகிறதா என்று கூட்டிப் பாருங்கள். வழக்கமான சப்ளையர்களைப் பயனாளியாக முன்பே சேர்த்துவிடுங்கள். புதிதாகச் சேர்த்தவருக்கு உடனே பெரிய தொகை அனுப்பப் பல வங்கிகள் விடுவதில்லை.

இந்த அலைச்சலுக்குப் பயந்து இரண்டு குறுக்கு வழிகளில் இறங்குகிறவர்கள் உண்டு. இரண்டுமே ஆபத்து.

ஒன்று, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைகளைக் கொடுத்துவிட்டுப் போவது. காசோலையில் கையெழுத்து உங்களுடையது என்றால், மீதியை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் கடனுக்காகக் கொடுத்தது என்ற அனுமானம் உங்கள்மீது விழும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை உங்களுடையது.

இரண்டு, செல்போனையே, அல்லது சிம் கார்டை, அலுவலகத்தில் விட்டுப்போவது. கடவுச்சொல்லையோ ஓ.டி.பி.யையோ வாடிக்கையாளரே பிறருக்குக் கொடுத்து நேர்ந்த இழப்பை, வங்கிக்குத் தகவல் சொல்லும்வரை வாடிக்கையாளரே ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி.

5. ஜி.எஸ்.டி.யும் டிஜிட்டல் கையொப்பமும்

ஆடிட்டர் அலுவலகங்களில் ஒரு இழுப்பறை இருக்கும். திறந்தால் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய டோக்கன்கள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒட்டிய காகிதத்துண்டில் நிறுவனத்தின் பெயர், சிலவற்றில் அதன் பக்கத்திலேயே பின் எண். யாரும் தப்பாக எதுவும் செய்வதில்லை என்பதால் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி அந்தச் சாவியைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது. இழுப்பறையிலிருந்து போன கையெழுத்தும் உங்கள் கையெழுத்துதான்.

நேர்வழி அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. பொறுப்பேற்பவர் பெயரில் ஒரு டிஜிட்டல் கையொப்பம் வாங்குங்கள். காணொலிச் சரிபார்ப்பு முடிந்தால் ஓரிரு நாளில் வந்துவிடும், செலவு ஓரிரு ஆயிரம் ரூபாய். ஜி.எஸ்.டி. தளத்தில் அவரைக் கூடுதல் கையொப்பதாரராகச் சேர்க்க, பதிவுத் திருத்தத்தில் முக்கியமல்லாத விவரங்கள் என்ற பகுதிக்குப் போக வேண்டும். தீர்மான நகலும் புகைப்படமும் ஏற்ற வேண்டும். இதற்கு அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை. பிறகு அவருடைய டோக்கனைத் தளத்தில் பதிவு செய்து, அடுத்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-1ஐ அவரையே தாக்கல் செய்யச் சொல்லுங்கள். அது நடந்தால்தான் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

துறையின் நோட்டீஸ் தளத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். தபாலில் வரும் என்று காத்திருக்க முடியாது. பதிவை ரத்து செய்வது பற்றிய நோட்டீஸ் என்றால் ஏழு வேலை நாளில் பதில் போக வேண்டும். விடுப்பில் அது கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். வாரம் இருமுறை தளத்தைத் திறந்து பார்த்து, "ஒன்றும் இல்லை" என்றாலும் பொறுப்பாளருக்கு ஒரு வரி எழுதும்படி ஆடிட்டர் அலுவலகத்தில் குறிப்பிட்ட ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.

6. தானாகக் கழியும் என்று நம்பியிருக்கும் கட்டணங்கள்

கார்டில் தானாகக் கழியும் மாதாந்திரக் கட்டணம் 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. தேவை. 2022 ஜூன் முதல் இந்த வரம்பு. பெரும்பாலான சந்தாக்கள் இதற்குள் அடங்கிவிடும். சர்வர் வாடகை அடங்காது. வளரும் நிறுவனத்தில் ஒரு மாதம் 14,000 வந்தது அடுத்த மாதம் 16,000 வரும். அப்போது ஓ.டி.பி. மலை உச்சியில் சிக்னல் இல்லாத உங்கள் செல்போனுக்குப் போகும். கட்டணத்தை முன்பணமாகக் கட்டுங்கள், அல்லது வேறொருவர் எண்ணோடு இணைந்த நிறுவனக் கார்டுக்கு மாற்றுங்கள். இணையதளத்தின் டொமைன் பெயர், அதன் பாதுகாப்புக்கான எஸ்.எஸ்.எல். சான்றிதழ் ஆகியவற்றின் காலாவதித் தேதிகளையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

சர்வர், மின்னஞ்சல் போன்றவற்றின் தலைமைக் கணக்குக்கு மீட்புக் குறியீடுகள் உண்டு. அவற்றை அச்சிட்டு, உறையிலிட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்திட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். திரும்பி வரும்போது உறை பிரிக்கப்பட்டிருந்தால் குறியீடுகளை மாற்றிவிட வேண்டும்.

7. பொறுப்பேற்பவர்

ஒரே ஒருவராக இருக்கட்டும். மூவர் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள் என்றால் மூவருமே உங்களுக்குத்தான் போன் செய்வார்கள். அவருக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: இவ்வளவு ரூபாய் வரை கேட்காமல் செலவு செய்யலாம், இத்தனை சதவீதம் வரை தள்ளுபடி தரலாம், ஆள் எடுப்பதும் அனுப்புவதும் நான் வந்த பிறகு. இருவரும் கையெழுத்திடுங்கள்.

அதற்குப் பணமும் கொடுங்கள். உங்கள் வேலையையும் சேர்த்துப் பார்க்கிறவருக்கு "நல்ல அனுபவம் கிடைக்கும்" என்று சொல்வது அநியாயம். அவருடைய சம்பளத்தில் அந்த நாட்களுக்கு உரிய பங்கில் பாதியாவது கூடுதலாகக் கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து.

8. செலவுக் கணக்கு

ஆகும் செலவு: டிஜிட்டல் கையொப்பம், பொறுப்பாளருக்குக் கூடுதல் தொகை, ஆடிட்டர் கூடுதலாகக் கேட்டால் அது, உங்கள் பயணம். ஏற்பாடு இல்லாமல் போனால் ஆகும் செலவு: ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாமதத்துக்கு நாள் ஒன்றுக்கு 50 ரூபாயும் கட்டாத வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும். பிடித்த டி.டி.எஸ்.ஸைக் கட்டாவிட்டால் மாதத்துக்கு ஒன்றரை சதவீதம், அதிலும் மாதத்தில் ஒரு நாள் ஆனாலும் முழு மாதமாகவே கணக்கிடுவார்கள். டி.டி.எஸ். அறிக்கைக்கு நாளுக்கு 200 ரூபாய். ஆர்.ஓ.சி. ஆண்டுப் படிவங்களுக்குப் படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய். தனித்தனியாகப் பார்த்தால் சில்லறை. ஆனால் வாடிக்கையாளர் ஜி.எஸ்.டி.ஆர்-1இல் தம் பில் ஏறவில்லை என்று கேட்கும் கேள்விக்கு ரூபாயில் கணக்குப் போட முடியாது.

9. வாடிக்கையாளர், முதலீட்டாளர்

முதலில் பங்குதாரர் ஒப்பந்தத்தைப் புரட்டுங்கள். நிறுவனர் முழு நேரமும் உழைக்க வேண்டும் என்ற பிரிவு பெரும்பாலும் இருக்கும். விடுப்பை அது தடுப்பதில்லை என்றாலும், முன்னறிவிப்பு பற்றி ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பிறகு முதலீட்டாளருக்குத் தகவலாக எழுதுங்கள். அனுமதி கேட்கிற தொனி வேண்டாம்.

வாடிக்கையாளர்களில் முக்கியமானவர்களுக்கு மட்டும் இரண்டு வாரம் முன்பு இப்படி எழுதினால் போதும்: "ஜூன் 21 முதல் ஜூன் 30 வரை நான் விடுப்பில் இருக்கிறேன். உங்கள் பணிகளை எங்கள் செயல்பாட்டு மேலாளர் கவனிப்பார். முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அவருடைய எண் கீழே." கடைசிக்கு முந்திய வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எல்லோரும் "சார் வரட்டும்" என்று காத்திருப்பார்கள்.

10. ஒத்திகை

கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பு இரண்டு வேலை நாட்கள் அலுவலகம் போகாதீர்கள். ஊரில்தான் இருப்பீர்கள், ஆனால் செல்போன் அணைந்திருக்கும். அதில் ஒன்று பணம் பட்டுவாடா செய்யும் நாளாக இருக்கட்டும். யாரும் நினைக்காத ஒன்று கட்டாயம் முட்டிக்கொண்டு நிற்கும். சரக்கு அனுப்பும் நிறுவனமாக இருந்தால் பெரும்பாலும் இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) தளத்தின் பயனர் பெயர். அங்கே கிளைப் பயனர் உருவாக்க வசதி இருக்கிறது, உருவாக்கிக் கொடுங்கள். எதுவுமே முட்டவில்லை என்றால், மறைவில் யாரோ உங்களை எப்படியோ தொடர்புகொண்டுவிட்டார்கள். மனைவியின் அல்லது கணவரின் போனைக் கேட்டுப் பாருங்கள்.

11. விடுப்பில் இருக்கும்போது

உங்களை அழைக்க மூன்றே காரணங்கள்: சேவை முழுவதுமாக நின்றுபோனது, ஊழியர் ஒருவருக்கு விபத்து அல்லது மருத்துவமனை, கெடு தேதி போட்ட அரசு அல்லது நீதிமன்றக் கடிதம். மற்றதை எல்லாம் "வந்ததும் பேச" என்று தலைப்பிட்ட நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அழைப்பது பொறுப்பாளர் மட்டும்.

அலுவலக வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வெளியேறிவிடுங்கள். ஒலியை மட்டும் அணைத்தால் போதாது. காலையில் ஒருமுறை சும்மா பார்க்கிறேன் என்பது வேண்டவே வேண்டாம். நீலக் குறி தெரிந்த மறு நிமிடமே பொறுப்பாளரின் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். "சாரே பார்த்துவிட்டார், ஒன்றும் சொல்லவில்லையே" என்று ஆளுக்கொரு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். முதல் மூன்று நாள் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். நான்காம் நாள் பழகிவிடும்.

12. திரும்பிய பின்

முதல் நாள் கூட்டம் எதுவும் வைக்காதீர்கள். அந்த நோட்டை எடுத்துவைத்துப் பொறுப்பாளருடன் உட்காருங்கள். பாதி வரிகள் அதற்குள் தாமாகவே தீர்ந்துபோயிருக்கும். அவர் எடுத்த முடிவுகளில் உங்களுக்குப் பிடிக்காதவை இருக்கும். பணமோ சட்டமோ சிக்காதவரை அவற்றை மாற்றாதீர்கள். மாற்றினால் அடுத்த விடுப்பில் அவர் எதையும் முடிவு செய்ய மாட்டார்.

பிறகு அனுமதிகள். ஜி.எஸ்.டி. கையொப்பமும் மேக்கர்–செக்கர் ஏற்பாடும் அப்படியே இருக்கட்டும். உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் உதவும். வங்கித் தொகை வரம்பை மட்டும் குறைக்கலாம். தீர்மானத்தில் முடிவுத் தேதி போட்டிருந்தாலும், வங்கியின் கணினி அந்தத் தேதியில் தானாக நிறுத்தும் என்று எண்ண வேண்டாம். வரம்பைக் குறைக்கும் அல்லது ரத்து செய்யும் தீர்மானத்தைத் தனியாக நிறைவேற்றி, நகலைக் கிளையில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக் கோப்பில் வையுங்கள். இரண்டு நாள் கழித்து நெட் பேங்கிங்கில் அந்தப் பயனரின் வரம்பு மாறியிருக்கிறதா என்று நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.